கேலிக்கும் ஆள் வேண்டும்

காலை ஆறரை மணிக்கு மேல் ஏழு மெகாஹெர்ட்ஸ் பக்கம் வானொலிப் பெட்டியைத் திருப்பினால் தமிழ்நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் குரல்கள் வந்து விழும். நாகர்கோவில்காரர் மழை கொட்டுகிறது என்பார். சேலத்துக்காரர் இங்கே ஒரு தூறல்கூட இல்லை என்று அலுத்துக்கொள்வார். "உங்க ஊருக்கு மழை வரணும்னா முதல்ல உங்க ஆன்டெனாவக் கழட்டுங்க. வர்ற மேகத்த எல்லாம் அதுதான் தடுத்து வச்சிருக்கு" என்று இடையில் ஒரு குரல் புகும். உடனே அந்தக் குரலுக்கு ஒரு பதில், அதற்கு ஒரு எதிர்ப்பதில். அரை மணி நேரம் இப்படியே போகும். கேட்கிறவருக்கு, இந்தப் பெரியவர்களுக்கு வேறு வேலையே இல்லையா என்று தோன்றும்.

இதுதான் ஹாம் ரேடியோ. அமெச்சூர் வானொலி என்பது சட்டப் பெயர். மத்திய அரசின் தகவல் தொடர்பு அமைச்சகம் நடத்தும் தேர்வில் தேறினால் உரிமம் கிடைக்கும். பன்னிரண்டு வயது நிரம்பிய யாரும் எழுதலாம். உரிமத்தோடு ஓர் அழைப்புக்குறியும் தருவார்கள். நம் நாட்டில் அது பெரும்பாலும் வி.யு.2 அல்லது வி.யு.3 என்று தொடங்கும். அதன் பிறகு சொந்த வீட்டிலிருந்தே, சொந்தக் கருவியில், உலகத்தில் உரிமம் பெற்ற எவரோடும் பேசலாம். நடுவில் கோபுரமும் கிடையாது, கம்பெனியும் கிடையாது, மாதக் கட்டணமும் கிடையாது. வீட்டு மாடியில் இருபது மீட்டர் நீளத்துக்கு ஒரு கம்பியை இழுத்துக் கட்டினால் ஏழு மெகாஹெர்ட்ஸுக்கு ஆன்டெனா தயார். நம் தலைக்கு மேலே வெகு உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தில் பட்டு அலை திரும்பி வருகிறது. காலையில் நானூறு, ஐந்நூறு கிலோமீட்டர் வட்டத்துக்குள் இருப்பவர்கள் தெளிவாகக் கேட்பார்கள். இரவானால் பக்கத்து மாவட்டத்துக்காரர் மறைந்துபோய் இந்தோனேசியாக் குரல் துல்லியமாக வரும்.

தந்தி அலுவலகத்தில் மோர்ஸ் அடித்துப் பழகியவன் நான். அந்தப் பழக்கத்தில்தான் இதற்குள் வந்தேன். நம் நாட்டின் தந்திச் சேவை 2013 ஜூலையில் மூடப்பட்டது. ஆனால் என் வீட்டு மேஜையில் மோர்ஸ் சாவி இன்னும் இருக்கிறது. பேரன் பேத்தி எடுத்த வயதில் எனக்கு நாள் தவறாமல் கிடைக்கும் பெரிய செல்வம் அந்தக் காலை நேரத்துக் கேலிப்பேச்சுதான். கைப்பேசி இருக்கும்போது இந்த வெட்டிப் பேச்சு எதற்கு என்று வீட்டுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். வெட்டிப் பேச்சு என்று நாம் ஒதுக்கிவைக்கும் அதன் மேல்தான் மனிதனுக்கு மனிதன் செய்யும் உதவி நிற்கிறது என்பதைப் பல தடவை கண்ணால் பார்த்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் பேச்சின் அமைப்பை முதலில் சொல்ல வேண்டும். கையில் இருக்கும் மைக்கின் பொத்தானை அழுத்தினால்தான் பேச முடியும். அழுத்தியிருக்கும் வரை எதிராளியின் குரல் கேட்காது. விட்டால்தான் கேட்கும். ஆகவே ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். இரண்டு பேர் ஒன்றாக அழுத்தினால் இரண்டும் குழம்பி யாருக்கும் எதுவும் புரியாது. நெட் என்று நாங்கள் சொல்லும் இந்தக் கூட்டத்தை நடத்துவதற்கென்று ஒருவர் இருப்பார். அவர் நெட் கண்ட்ரோல். அவர் ஒவ்வோர் அழைப்புக்குறியாகக் கூப்பிட்டு, "உங்க முறை, பேசுங்க" என்று விடுவார். அவசரமாகச் சொல்ல ஏதாவது இருந்தால் இடைவெளியில் "பிரேக்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஒருவன் உன்னைக் கேலி செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அவன் முழுதும் சொல்லி முடிக்கும் வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். சூடான பதில் நாக்கு நுனியில் இருக்கும். உன் முறை வருவதற்குள் இன்னும் மூன்று பேர் பேசியிருப்பார்கள். அதற்குள் சூடு ஆறிவிடும், நகைச்சுவை மட்டும் மிஞ்சும். இத்தனை வருஷத்தில் எங்கள் நெட்டில் வாக்குவாதம் வந்ததுண்டு, ஆனால் உறவு முறியும் அளவுக்குப் போனதைப் பார்த்ததில்லை. அதற்கு நாங்கள் எல்லாரும் உத்தமர்கள் என்பது காரணமல்ல. காத்திருக்க வைக்கும் அந்தப் பொத்தான்தான் காரணம் என்று நினைக்கிறேன்.

எங்கள் ஞாயிற்றுக்கிழமை நெட்டை நடத்துகிறவர் ஓர் அம்மா. ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாருக்கும் அக்கா. பொதுவாக ஹாம்கள் ஒருவரையொருவர் ஓ.எம்., அதாவது ஓல்டு மேன், என்று கூப்பிடுவார்கள். தமிழில் பேச ஆரம்பித்ததும் அது போய் அண்ணன், தம்பி, அக்கா, சார் என்று ஆகிவிடும். அக்கா கண்டிப்பானவர். யாராவது இரண்டு நிமிஷத்துக்கு மேல் சாம்பார் புராணம் பாடினால், "மிச்சத்தை அடுத்த வாரம் சாப்பிடலாம், ஓவர்" என்று முடித்துவிடுவார். அவரிடம் அதட்டு வாங்குவதற்காகவே சிலர் நீட்டிப் பேசுவார்கள்.

வருகைப் பதிவு என்பது சாதாரணச் சடங்குபோலத் தெரியும். ஆனால் அதுதான் எங்கள் கூட்டத்தின் உயிர்நாடி. ஓர் அழைப்புக்குறியைக் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் எல்லாருக்கும் அது கேட்கும். ஒரு சிற்றூரில் தனியாக வாழ்ந்துவந்த மூத்த நண்பர் ஒருவர் இருந்தார். மனைவி காலமாகிவிட்டார், மகன் வெளிநாட்டில். அவருக்கும் தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பர் ஒருவருக்கும் தினமும் காப்பித் தகராறு. சிக்கரி கலந்தது காப்பியே அல்ல என்பார் இவர். சிக்கரி இல்லாதது கஷாயம் என்பார் அவர். ஒருநாள் காலையில் தஞ்சாவூர்க்காரர் வழக்கம்போலச் சீண்டினார். இவர் "சரி, நல்லது" என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார். மற்றவர்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுநாள் கூப்பிட்டபோது பதிலே இல்லை. மின்சாரம் போயிருக்கும் என்று சிலர் சொன்னார்கள். தஞ்சாவூர்க்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. "நேத்தே அவர் குரல் சரியில்ல. நான் அவ்வளவு சொல்லியும் சும்மா விட்டாரு. என்னமோ இருக்கு, யாராச்சும் போய்ப் பாருங்க" என்று வற்புறுத்தினார். பக்கத்து ஊரில் இருந்த இளைஞர் ஒருவர் அப்போதே வண்டியை எடுத்தார். போய்ப் பார்த்தால், கடுமையான காய்ச்சலில் எழுந்து தண்ணீர் குடிக்கவும் முடியாமல் படுத்துக் கிடந்தார் பெரியவர். அரசு மருத்துவமனையில் சேர்த்தார்கள். மகனுக்குத் தகவல் போனது. அவர் வந்து சேரும் வரை எங்கள் ஆட்களே முறைவைத்துத் துணைக்கு இருந்தார்கள்.

திரும்பி வந்து முதல் நாள் அவர் மைக்கைப் பிடித்தபோது யாரும் கண்ணீர் விட்டுப் பேசவில்லை. "ரெண்டு வாரம் வராததுக்கு லீவு லெட்டர் எங்க?" என்றார் தஞ்சாவூர்க்காரர். "ஆஸ்பத்திரியில சிக்கரிக் காப்பி குடுத்தாங்க. அதான் குணமாக இவ்வளவு நாளாச்சு" என்று பதில் வந்தது. அப்போதுதான் எங்களுக்கு நிம்மதி.

நலமா என்று கேட்டால் எல்லாரும் நலம் என்றுதான் சொல்வார்கள். நம் ஊரில் வளர்ந்த எவரும் முதல் கேள்வியிலேயே நோயைச் சொல்ல மாட்டார்கள். பெரியவர்கள் இன்னும் மோசம், பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோமோ என்று மறைப்பார்கள். ஆனால் கேலிக்குப் பதில் சொல்வதற்குத் தெம்பு வேண்டும். அந்தத் தெம்பு குறைந்தால் உடனே தெரிந்துவிடும். யாருக்குத் தெரியும்? நேற்றும் அதற்கு முந்தைய நாளும் அதே கேலியைச் செய்தவனுக்குத்தான் தெரியும். அந்தப் பெரியவரின் உயிரைக் காப்பாற்றியது ஒரு காப்பித் தகராறு என்று சொன்னால் அதில் மிகை எதுவும் இல்லை.

இன்னொரு நண்பருக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. ஹாம் உலகத்தில் பார்வையற்றவர்கள் பலர் உண்டு. காதுதான் இங்கே முதல் கருவி என்பதால் மோர்ஸில் அவர்கள் பல நேரம் மற்றவர்களை மிஞ்சிவிடுவார்கள். இவர் வயர்களைத் தொட்டுப் பார்த்தே சாலிடர் வைப்பார். எங்கள் நெட்டில் ஒருமுறை அவர் கட்டிய ஆன்டெனாவின் சிக்னல் மிகவும் பலவீனமாக இருந்தது. "என்ன தம்பி, கிணத்துக்குள்ள இறங்கிப் பேசுறீங்களா? கம்பிய எங்க கட்டியிருக்கீங்க, துணி காயப் போடவா?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். எனக்குத் திக்கென்றது. அன்று மாலை தனியாகப் பேசும்போது மனம் நோகவில்லையே என்று கேட்டேன். அவர் சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. "வெளியில என்னோட பேசுற எல்லாரும் குரலத் தாழ்த்திக்கிட்டுத்தான் பேசுவாங்க சார். பாவம்ங்கிற மாதிரி. இங்கதான் என்னையும் ஒரு ஆளா மதிச்சுக் கிண்டல் பண்றாங்க." மறுநாள் அந்தக் கம்பியை அவரே இன்னும் பத்தடி உயர்த்திக் கட்டினார். கேலி செய்தவர் முழுசாக ஐந்து ஒன்பது கொடுத்தார். சிக்னல் மிகத் தெளிவு என்பதற்கு நாங்கள் கொடுக்கும் மதிப்பெண் அது.

இரக்கம் நல்ல குணம்தான். ஆனால் இரக்கப்படுகிறவன் ஒரு படி மேலே நிற்கிறான். கேலி பேசுகிறவன் நம் தோளுக்கு நேராக நிற்கிறான். எந்த மனிதனுக்கும் தன் தோளுக்கு நேராக நாலு பேர் வேண்டும்.

ஆனால் கேலிக்கு எல்லை உண்டு. அதை யாரும் எங்களுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. விதிப்புத்தகத்தில் இருப்பது வேறு: வியாபாரம் பேசக்கூடாது, விளம்பரம் கூடாது, அரசியல் சர்ச்சை கூடாது. மதச் சண்டை எங்கள் வழக்கத்திலேயே இல்லை. இந்த விதிகளைப் புதிதாக வருகிறவர்கள் கட்டுப்பாடாக நினைப்பார்கள். நான் அவற்றைப் பெரிய விடுதலையாகவே பார்க்கிறேன். நம் சமூகத்தில் புதிய மனிதர் ஒருவரைப் பார்த்தால் ஊர் எது, தெரு எது, யார் வீட்டுப் பிள்ளை என்று சுற்றி வளைத்துக் கேட்டுச் சாதியைத் தெரிந்துகொள்ளும் கெட்ட வழக்கம் இன்னும் போகவில்லை. அலைவரிசையில் அழைப்புக்குறி, பெயர், இருக்கும் ஊர், அவ்வளவுதான். பத்து வருஷமாகத் தினமும் பேசும் நண்பரின் சாதி எனக்குத் தெரியாது. அவர் கருவியில் எந்த நேரத்தில் இரைச்சல் வரும் என்பது தெரியும். கேலி செய்வதற்கு அந்த அறிவு போதும்.

ஒருவரின் கருவி, ஆன்டெனா, சாப்பாடு, ஊர்ப்பெருமை, மறதி இவையெல்லாம் கேலிக்கு உரியவை. ஒருவரின் வறுமை, உடம்பு, வீட்டுத் துயரம் இவற்றை யாரும் தொடமாட்டார்கள். ஒருமுறை ஒருவர் தொட்டார். அக்கா ஒரு வார்த்தையும் திட்டவில்லை. அவர் பேசி முடித்ததும், எதுவும் சொல்லாமல் அடுத்த அழைப்புக்குறியைக் கூப்பிட்டார். மற்றவர்களும் அந்தப் பேச்சைத் தொடரவில்லை. சம்பந்தப்பட்டவர் அன்றைக்கே மன்னிப்புக் கேட்டார்.

உதவி வாங்குகிறவன் கூசாமல் இருப்பதற்கும் கேலி ஒரு வழி செய்துகொடுக்கிறது. எங்களிடம் படித்துத் தேறிய கிராமத்து இளைஞன் ஒருவனுக்கு உரிமம் கிடைத்துவிட்டது, கருவி வாங்கப் பணம் இல்லை. வெளிநாட்டுக் கருவிகள் விலை அதிகம். மூத்தவர் ஒருவர் நெட்டிலேயே அவனைக் கூப்பிட்டார். "தம்பி, என் பழைய செட்டு ஒண்ணு அலமாரியில இடத்த அடைச்சுக்கிட்டுக் கிடக்கு. வீட்டம்மா தினமும் அர்ச்சனை. நீ வந்து எடுத்துட்டுப் போனா எனக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கருவி நல்ல நிலையில் இருந்தது என்பதும், அவர் மனைவி ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை என்பதும் எனக்குத் தெரியும். பையன் தலை குனியாமல் வந்து வாங்கிப் போனான்.

கையால் கருவி கட்டுகிற மரபு எங்களிடம் பழையது. சென்னை ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி, சர்க்யூட் வரைபடத்தைப் பார்த்து இரவெல்லாம் உட்கார்ந்து கட்டுவார்கள். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற கருவியின் கதை இதற்கு நல்ல உதாரணம். கடையில் எளிதில் கிடைக்கும் பாகங்களை மட்டும் வைத்து அதை வடிவமைத்தார். சுருள் சுற்றுவதற்குத் தனி உருளை தேடி அலையாமல், தண்ணீர்க் குழாயில் போடும் சாதாரண வாஷரையே பயன்படுத்தினார். வரைபடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வெளியிட்டுவிட்டார். இன்று உலகத்தின் பல நாடுகளில் அதைக் கட்டியவர்கள் இருக்கிறார்கள். நம் நண்பர்கள் அதைக் கட்டும்போது முதல் முறை ஒலி வராமல் விசில் மட்டும் வரும். அதை நெட்டில் போட்டுக் காட்டி, "ரயில் கிளம்பிருச்சா?" என்று கேலி வாங்கிக்கொண்டே, எந்த மின்தடையை மாற்ற வேண்டும் என்ற யோசனையையும் வாங்கிக்கொள்வார்கள்.

இந்தச் சிரிப்புக்குள் எவ்வளவு பெரிய பலம் இருக்கிறது என்பதை நாடு முழுக்கப் பார்த்தது 2004 டிசம்பரில். ஹைதராபாத்தில் இயங்கும் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தின் குழு ஒன்று பாரதி பிரசாத் தலைமையில் அந்த மாதம் போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்தது. அந்தமானிலிருந்து ஹாம் நிலையம் இயங்குவதற்கு அப்போது அனுமதி கிடைப்பது மிக அரிதாக இருந்தது. அதனால் உலகம் முழுவதும் இருக்கும் ஹாம்கள் அந்தமானோடு ஒரு தொடர்பு கிடைத்துவிடாதா என்று தவம் கிடந்தார்கள். அப்படிப்பட்ட தொடர்பு சில விநாடிகள்தான். அழைப்புக்குறி, ஐந்து ஒன்பது, வாழ்த்து, முடிந்தது. பிறகு அதற்கு அத்தாட்சியாக க்யூ.எஸ்.எல். அட்டை தபாலில் வரும். வெளியில் இருந்து பார்த்தால் இதைவிடப் பயனற்ற பொழுதுபோக்கு இருக்க முடியாது.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. இந்திய நேரம் ஆறரை மணி அளவில் சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி அதிர்ந்தது. தொடர்ந்து ஆழிப்பேரலை வந்தது. தொலைபேசித் தொடர்புகள் அறுந்தன. அந்தக் குழு பொழுதுபோக்குத் தொடர்புகளை அத்தோடு நிறுத்திவிட்டு அதே கருவியை அவசரச் செய்திகளுக்குத் திருப்பியது. இன்னார் உயிரோடு இருக்கிறார், இன்னாரைத் தேடுகிறோம், இந்த இடத்தில் இது வேண்டும் என்ற செய்திகள் அந்த மைக் வழியாக நிலப்பரப்புக்கு வந்தன. நிலப்பரப்பில் இருந்த ஹாம்கள் அவற்றைக் குறித்துக்கொண்டு உரிய குடும்பங்களுக்கும் அதிகாரிகளுக்கும் சேர்த்தார்கள். இலங்கையிலும் ரேடியோ சங்கத்து ஹாம்கள் கருவிகளோடு அம்பாந்தோட்டைக்குப் போய் அங்கிருந்து கொழும்புக்குத் தொடர்பு ஏற்படுத்தினார்கள்.

1999 ஒடிசா புயலிலும், 2001 குஜராத் நிலநடுக்கத்திலும் இதே கதைதான். கருவியும் பேட்டரியும் அரசாங்கத்திடமும் இருக்கும். ஆனால் பேரிடர் நேரத்தில் இரைச்சலுக்கு நடுவே அரைகுறையாக வரும் ஒரு குரலை இது இன்னார் குரல் என்று அடையாளம் காண்பதும், அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புவதும், பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிப் பிழையில்லாமல் குறித்துக்கொள்வதும் ஒரே நாளில் வராது. சாம்பாரையும் மழையையும் பற்றித் தினமும் பேசிப் பேசித்தான் அந்தக் காது தயாராகிறது.

எங்களில் ஒருவர் காலமாகிவிட்டாலும் எங்கள் வேலை முடிவதில்லை. அவர் வீட்டில் இருக்கும் கருவிகளை உரிமம் இல்லாதவர்கள் வைத்திருக்கக் கூடாது. அவற்றின் மதிப்பு என்ன, யாரிடம் கொடுப்பது என்பது அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது. பழைய இரும்பு விலைக்குக் கேட்டு ஆட்கள் வருவதுண்டு. அதற்கு முன்பாக நம் ஆட்கள் இரண்டு பேர் போய், மாடியில் இருக்கும் கம்பியைப் பத்திரமாக இறக்கி, கருவிகளைத் துடைத்துச் சோதித்து, நியாயமான விலைக்கு உரிமம் உள்ளவரிடம் சேர்த்து, பணத்தை அந்த அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு வருவார்கள். அப்போது அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, அவர் அலைவரிசையில் அடித்த கிண்டல்களை எல்லாம் சொல்வார்கள். வீட்டில் வாயே திறக்காத மனுஷன் இப்படியெல்லாம் பேசுவாரா என்று மனைவியும் மக்களும் வியந்து கேட்பதை நானே பார்த்திருக்கிறேன். சில ஆண்களுக்கு வீட்டில் சொல்லத் தெரியாத அன்பு நண்பர்களிடம் கேலியாக வெளிவருகிறது. அதை வீட்டிலும் கொஞ்சம் காட்டியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

கைப்பேசிக் குழுக்களில் இருக்கும் இளையவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் குழுவில் நூறு பேர் இருக்கலாம். காலை வணக்கப் படத்தை அனுப்பிவிட்டுப் போவதால் யாருக்கும் யாரையும் தெரியப்போவதில்லை. ஒருவரைப் பெயர் சொல்லி, அவர் நேற்று எழுதியதைக் குறிப்பிட்டு, உரிமையோடு ஒரு வார்த்தை சீண்டிப் பாருங்கள். பதில் வரும் வரை பொறுத்திருங்கள். இரண்டு நாள் அவர் சத்தமே இல்லை என்றால் அழைத்துப் பேசுங்கள். வயதானவர்கள் என்றால் நேரில் போய்ப் பாருங்கள்.

இப்போது எங்கள் நெட்டில் புதுக் கலகலப்பு வந்திருக்கிறது. எட்டாம் வகுப்பு படிக்கும் சிறுமி ஒருத்தி உரிமத் தேர்வுக்குத் தயாராகிறாள். மோர்ஸ் தேவைப்படாத ரெஸ்ட்ரிக்டட் தேர்வே போதும் என்று அவள் அப்பா சொன்னார். அவளோ, ஜெனரல்தான் எழுதுவேன், நிமிஷத்துக்கு எட்டு சொல் வேகத்துக்குப் பழகிவிடுவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். விதிமுறைகளைச் சொல்லித்தர அக்கா ஒப்புக்கொண்டிருக்கிறார். மின்னியல் பாடம் பார்வையற்ற நண்பரின் பொறுப்பு. மோர்ஸ் எனக்கு. "தாத்தா, நீங்க அடிக்கிற வேகத்துக்கு நான் தூங்கிட்டு எந்திரிச்சுக்கூட எழுதிடுவேன்" என்று நேற்று சொல்லியிருக்கிறாள். நாளைக்கு வேகத்தைக் கூட்டி அடிக்கப் போகிறேன்.